காணாத குழி இல்லாத குழியல்ல

‘செயற்கை நுண்ணறிவு புதிய மருந்தைக் கண்டுபிடித்தது’ என்ற தலைப்புகள் இப்போது அடிக்கடி வருகின்றன. இதில் கணினி உண்மையில் செய்யும் வேலை எது என்று பிரித்துப் பார்ப்பது நல்லது.

பெரும்பாலான மருந்துகள் ஏதாவது ஒரு புரதத்தில் ஒட்டிக்கொண்டுதான் வேலை செய்கின்றன. ஒட்டுவதற்குப் புரதத்தின் மேற்பரப்பில் பொருத்தமான குழி வேண்டும். அந்தக் குழியைத் தேடவே இயந்திரக் கற்றல் பயன்படுகிறது. மூலக்கூறு ஒட்டிய நிலையில் ஆராயப்பட்ட புரத வடிவங்களைக் காட்டிக் கணினிக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். பிறகு புதிய புரதம் ஒன்றைக் கொடுத்தால், அதில் மருந்துக்கு ஏற்ற இடங்களை மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தித் தருகிறது. செக் நாட்டின் பிராகா நகரில் உருவான ‘பி2ரேங்க்’ அப்படிப்பட்ட மென்பொருள். ஆல்ஃபாஃபோல்டு 20 கோடிக்கும் மேற்பட்ட புரத வடிவங்களைக் கணித்துத் தந்துள்ள இக்காலத்தில், இந்த வேகம் பெரிய உதவிதான்.

ஆனால், கே-ராஸ் என்ற புரதத்தின் கதையையும் நாம் நினைவில் வைக்க வேண்டும். புற்றுநோய்க்கும் இதற்கும் உள்ள தொடர்பு 1980களிலேயே தெரிந்துவிட்டது. எனினும் 30 ஆண்டுகளாக இதை நேரடியாகத் தாக்கும் மருந்து கிடைக்கவில்லை. மேற்பரப்பு வழவழப்பாக இருந்ததால் ‘மருந்துக்கு மசியாத புரதம்’ என்று ஒதுக்கினார்கள். 2013இல் கலிஃபோர்னியாவில் கெவன் ஷோகாட் குழுவினர், மரபணு மாற்றமுள்ள கே-ராஸில் நூற்றுக்கணக்கான சிறு மூலக்கூறுகளை ஒட்டிப் பார்த்தனர். அப்போதுதான் முந்தைய படங்களில் தென்படாத ஒரு குழி வெளிப்பட்டது. அதில் பொருந்தும் சோட்டோராசிப் மருந்துக்கு, நுரையீரல் புற்றுநோயாளிகளில் ஒரு பிரிவினருக்காக, 2021இல் அமெரிக்கா அனுமதி அளித்தது.

2012ஆம் ஆண்டுத் தரவை வைத்துக் கணினிக்குப் பாடம் நடத்தியிருந்தால், அந்த இடத்தைக் ‘குழி இல்லை’ என்ற பட்டியலில்தான் சேர்த்திருப்போம். குறை கணினியுடையதன்று. யாரும் இதுவரை காணாததை ‘இல்லை’ என்று நாமே எழுதிக் கொடுக்கிறோம். புரதத்தின் அசைவைக் கணக்கில் கொண்டு மறைந்த குழிகளை ஊகிக்கும் ‘பாக்கெட்மைனர்’ 2023இல் வந்தது. வரவேற்க வேண்டிய முயற்சி. ஆனாலும், அது தரும் விடையையும் ஆய்வகத்தில் சோதித்தே ஏற்க முடியும்.

நான்காம் படிவ உயிரியலில் நொதியைப் பூட்டு என்றும், அதனுடன் சேரும் பொருளைச் சாவி என்றும் கற்பிக்கிறோம். 1894இல் எமில் ஃபிஷர் சொன்ன இந்த உவமை தொடக்கத்துக்கு நல்லது. ஆனால், அசையாத பூட்டையே மனத்தில் வைத்திருக்கும் மாணவருக்குக் கே-ராஸின் கதை விளங்காது. இந்தப் பூட்டு நெகிழும், திறந்து மூடும் என்பதையும் அதே பாடவேளையில் சொல்லிவிடலாம். ஐந்து நிமிடம் போதும்.

கூடவே ஒரு கேள்வியையும் பழக்க வேண்டும். கணினி ‘இல்லை’ என்று சொன்னால், ‘தேடியும் கிடைக்கவில்லையா, யாரும் தேடவே இல்லையா?’ என்று மாணவர்கள் கேட்க வேண்டும். மருந்தியல் படிக்கப் போகிறவர்களுக்கு மட்டுமல்ல, அந்த மருந்தை நம்பி வாழப் போகும் நம் எல்லாருக்கும் அது தேவை.