ரோம் போகிறீர்களா? கேமராவுக்கு முன் ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள்

வெளிநாட்டுப் பயணத்திற்கு டிக்கெட் எடுத்தவுடன் வீட்டில் எழும் முதல் கேள்வி, "எந்த கேமரா வாங்கலாம்?" என்பதுதான். எத்தனை மெகா பிக்ஸெல், எவ்வளவு ஸூம் என்று கடை கடையாக விசாரிக்கிறோம். எடுத்து வந்த படங்களை எங்கே வைப்பது, யார் பார்த்துக் கொள்வது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. என் கருத்து இதுதான்: கையில் இருக்கும் மொபைல் போனின் கேமராவே போதும். கேமராவுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். முடிந்தால் இரண்டு வாங்குங்கள்.

இதை ரோம் நகரை வைத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தூத்துக்குடி பனிமய மாதா பேராலயத் திருவிழா ஜூலை 26ல் கொடியேற்றத்துடன் தொடங்கி ஆகஸ்ட் 5ல் நிறைவடைகிறது. ரோமில் எஸ்குலின் குன்றின் மேல் உள்ள மேரி மேஜர் பேராலயத்திலும் அதே ஆகஸ்ட் 5 தான் பனிமய மாதா திருநாள். நடுக்கோடையில் அந்தக் குன்றில் பனி பெய்ததாகச் சொல்லப்படும் புதுமையை நினைவுகூர, அன்று ஆலயத்தின் உள்கூரையில் இருந்து வெள்ளைப் பூவிதழ்களைத் தூவுகிறார்கள். நம் ஊர் ஆலயம் 1713ல் கட்டி முடிக்கப்பட்டு, 1982ல் பேராலயமாக உயர்த்தப்பட்டது. முத்துக்குளித்துறையைச் சேர்ந்த ஒருவர் அந்த ரோம் ஆலயத்திற்குள் நுழைவது, சொந்தக்காரர் வீட்டிற்குள் நுழைவது போல. குமரி மாவட்டத்தின் தேவசகாயம் பிள்ளைக்கு 2022 மே 15ல் புனிதர் பட்டம் வழங்கப்பட்டபோது தமிழகத்தில் இருந்து பலர் ரோம் சென்றனர். 2025 யூபிலி ஆண்டாக இருந்தது. பலருக்கு இது வாழ்நாளில் ஒரே ஒரு முறை கிடைக்கும் பயணம். அந்தப் படங்கள் தொலைந்தால் மீண்டும் போய் எடுக்க முடியாது.

எதைப் படம் எடுப்பது?

கொலோசியம் படம் இணையத்தில் லட்சக்கணக்கில் கிடைக்கிறது. நாம் எடுப்பதைவிட நன்றாகவே எடுத்திருக்கிறார்கள். ஆனால், மேரி மேஜர் ஆலயப் படியில் உங்கள் அத்தை செருப்பைக் கையில் பிடித்துக் கொண்டு உட்கார்ந்திருக்கும் படம் எந்தத் தேடுதளத்திலும் கிடைக்காது. எனவே கட்டடத்திற்கு இரண்டு படம், கூட வந்தவர்களுக்கு எட்டுப் படம் என்று கணக்கு வைத்துக் கொள்ளுங்கள். சாப்பிட்ட ஓட்டல், ஏறிய பஸ், தங்கிய அறை எல்லாவற்றையும் எடுங்கள். சிஸ்டைன் சிற்றாலயத்தில் படம் எடுக்க அனுமதி இல்லை. அங்கே பார்த்ததை அன்று இரவே போனில் நான்கு வரி தமிழில் டைப் செய்து வைக்கலாம். அதுவும் ஆல்பத்தில் சேர வேண்டியதுதான்.

தேதி ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. போப் பிரான்சிஸ் 2025 ஏப்ரல் 26ல் இதே மேரி மேஜர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அதற்கு முன் போனவர்களின் படத்தில் அந்தக் கல்லறை இருக்காது. பின்னர் போனவர்களின் படத்தில் இருக்கும். தேதி தெரிந்தால்தான் சாதாரணக் குடும்பப் படமும் சரித்திரத்திற்குச் சாட்சியாகும்.

கடிகாரத்தைச் சரி செய்யுங்கள்

படம் எடுத்த தேதியும் நேரமும் ஒவ்வொரு பைலுக்குள்ளும் பதிவாகின்றன. விண்டோஸில் படத்தின் மீது ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுத்து, டீடெயில்ஸ் டேப்பில் பார்த்தால் இது தெரியும். ரோம் நேரம் கோடையில் நமக்கு மூன்றரை மணி நேரமும், குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்தங்கியது. இந்திய நேரத்தில் வைத்த கேமராவைக் கொண்டு மே மாதம் ரோமில் இரவு 9 மணிக்குப் படம் எடுத்தால், அது மறுநாள் அதிகாலை 12.30 என்று பதிவாகும். மொபைல் போன் பெரும்பாலும் தானாக நேரத்தை மாற்றிக் கொள்ளும். கேமரா எப்போதும் அப்படிச் செய்வதில்லை. இரண்டிலும் எடுத்த படங்களை ஒரே போல்டரில் போட்டால் வரிசை கலைந்துவிடும். விமானத்தில் இருந்து இறங்கியவுடன் கேமராவின் நேரத்தை மாற்றிவிடுங்கள்.

வாட்ஸ் அப் குரூப் ஆல்பம் ஆகாது

"எல்லாம் குரூப்பில் போட்டுவிட்டோமே" என்பார்கள். வாட்ஸ் அப் வழியாகப் போட்டோவாக அனுப்பும்போது அதன் அளவு சுருக்கப்படுகிறது. பைலுக்குள் இருக்கும் எடுத்த தேதி, இடம் போன்ற தகவல்களும் நீங்கிவிடுகின்றன. போன் திரையில் வித்தியாசம் தெரியாது. பெரிதாகப் பிரிண்ட் போடும்போது தெரியும். மூலப் படம் வேண்டும் என்றால் டாக்குமெண்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, ஊர் திரும்பியதும் எல்லோரும் தங்கள் போன்களை யு.எஸ்.பி. கேபிளில் இணைத்து ஒரே கம்ப்யூட்டரில் காப்பி செய்வது.

வெள்ளம் சொல்லித் தந்த பாடம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பெய்தது. தூத்துக்குடி நகரிலும் தாமிரபரணிக் கரையோர ஊர்களிலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அப்படி ஒரு நாளில் பீரோவின் அடித்தட்டில் இருக்கும் ஆல்பம், தரையில் வைத்த சி.பி.யு., அதன் பக்கத்தில் இருக்கும் பேக் அப் ஹார்ட் டிஸ்க் மூன்றும் ஒரே தண்ணீரில்தான் நனையும். ஒரே வீட்டில் எத்தனை காப்பி வைத்தாலும், வெள்ளத்திற்கும் திருட்டுக்கும் அது ஒரே காப்பிதான்.

எனவே மூன்று காப்பி வேண்டும். ஒன்று கம்ப்யூட்டரில். இரண்டாவது, வீட்டில் உயரமான இடத்தில் வைக்கும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில். மூன்றாவது, மதுரையிலோ சென்னையிலோ உள்ள மகள் அல்லது தம்பி வீட்டில். திருவிழாவுக்கு அவர்கள் வரும்போது புதிய படங்களைச் சேர்த்துக் கொடுத்தனுப்பலாம். நம்முடையது உப்புக்காற்று வீசும் ஊர். ஹார்ட் டிஸ்கை காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வையுங்கள். சில மாதங்களுக்கு ஒரு முறை இணைத்து, படங்கள் திறக்கின்றனவா என்று பாருங்கள்.

பழைய பயணங்களையும் மறக்க வேண்டாம். 2000ம் ஆண்டு யூபிலியின்போது போனவர்களிடம் பிரிண்டும் நெகட்டிவும் இருக்கும். அதன் பின் போனவர்களிடம் சி.டி. இருக்கும். எழுதப்பட்ட சி.டி. காலப்போக்கில் படிக்க முடியாமல் போகலாம். புதிய லேப்டாப்களில் பெரும்பாலும் டிரைவே இல்லை. யு.எஸ்.பி. டி.வி.டி. டிரைவ் ஒன்றை இரவல் வாங்கியாவது இப்போதே காப்பி எடுத்துவிடுங்கள்.

"கூகுள் போட்டோஸில் இருக்கிறதே, இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வெள்ளம் வந்தாலும் அந்தக் காப்பி நனையாது. ஆனால், 2021 ஜூன் 1 முதல் அங்கே ஏற்றும் படங்கள் மெயிலுக்கும் சேர்த்துத் தரப்படும் 15 ஜி.பி. இலவச இடத்தில்தான் கணக்காகின்றன. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் அக்கவுண்ட்டை நீக்கலாம் என்பது 2023ல் கூகுள் அறிவித்த விதி. படம் எடுத்த பெரியவர் மறைந்துவிட்டால், பாஸ்வேர்ட் யாருக்குத் தெரியும்? கிளவுட் கூடுதல் காப்பியாக இருக்கட்டும். அதையே முழுதும் நம்ப வேண்டாம்.

பெயர் எழுதாத படம் பாதிப் படம்

பத்து நாள் பயணத்தில் 1,500 படங்கள் சேர்ந்தால், ஒரு படம் 4 எம்.பி. என்று வைத்தாலும் 6 ஜி.பி. தான். இடம் ஒரு பிரச்னை இல்லை. தேடுவதுதான் பிரச்னை. முத்துச் சிப்பியைக் குவியலாகக் கொட்டி, அழுக விட்டு, கழுவி, அலசி, பல அளவுத் துளைகள் உள்ள தட்டுகளில் சலித்துத்தான் இந்தக் கடற்கரையில் முத்தைத் தரம் பிரித்தார்கள். படங்களுக்கும் அந்தப் பொறுமை வேண்டும். 60 படங்களைத் தேர்ந்தெடுத்து, "2022-05-15-ரோம்" என்பது போல ஆண்டு முதலில் வருமாறு பெயரிட்ட போல்டரில் போடுங்கள். தேதி வரிசை தானாக அமையும். இடமிருந்து வலமாக யார் யார் என்று ஒரு டெக்ஸ்ட் பைலில் தமிழில் எழுதி அதே போல்டரில் வையுங்கள். பத்துப் படங்களையாவது பிரிண்ட் போட்டு, பின்புறம் பென்சிலால் பெயர் எழுதுங்கள்.

இங்கே பெரிய முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961ல். அன்று குளித்தவர்கள் படத்தில் இருந்தாலும், அவர்கள் யார் என்று சொல்லக்கூடியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள். ரோம் படங்களுக்கும் ஒருநாள் இதே நிலை வரும். வரும் ஞாயிற்றுக்கிழமை போய் வந்த பெரியவரைக் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்து, ஒவ்வொரு படமாகக் காட்டி, அவர் சொல்லச் சொல்ல டைப் செய்யுங்கள். புதிய கம்ப்யூட்டருக்கு இதைவிட நல்ல முதல் வேலை எனக்குத் தெரிந்து இல்லை.