இடந்தலை சற்றே அடங்கட்டும்

நம் தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களில் திருவிழா என்றால் விடிய விடியத் தெருக்கூத்து உண்டு. இன்று அதனைக் கைப்பேசியில் பதிவு செய்யாத இளைஞர் அரிது. நல்ல செயலே! ஆனால் மறுநாள் கேட்டால் மிருதங்கத்தின் 'கும் கும்' மட்டுமே காதை அடைக்கிறது. கட்டியக்காரனின் நையாண்டியில் ஒரு சொல்லும் தேறுவதில்லை. கூத்துப் பாடல்களில் அச்சேறாதவை பல. வாத்தியார்களின் நாவில் மட்டுமே வாழ்பவை. பதிவும் மங்கினால் நாளை எதைக் கேட்டுக் கற்பது?

ரவை அப்பிய இடந்தலை இயல்பாகவே தாழ்ந்து முழங்குவது. மேடை மைக்கைத் தோலருகே நெருக்கி வைத்தால் அந்தக் கீழொலி இன்னும் ஊதிப் பெருக்கும். போதாக்குறைக்கு நாம் ஸ்பீக்கர் பெட்டியின் முன்னேயே நின்று பதிவு செய்கிறோம்!

மைக்கை ஒரு முழமாவது தள்ளி வைக்க வேண்டும் என்பேன். பதிந்தபின் 80 ஹெர்ட்சுக்குக் கீழுள்ளதை வெட்டிவிடலாம். ஆண்குரலின் அடிச்சுருதி பெரும்பாலும் அதற்கு மேலேதான். ஆத்திரப்பட்டு 200 வரை வெட்டினால் மிருதங்கம் தகர டப்பாவாகிவிடும். 1966-இல் சங்கீத கலாநிதி விருது பெற்ற பாலக்காடு மணி ஐயர் மைக்கே இல்லாமல் வாசிக்க விரும்பியவர். ஊர்த் திடலுக்கு அது ஒத்துவராது.

"சனம் அதிரத்தான் கேட்குது தம்பி" என்பார் மைக்செட்காரர். திடலில் அதிரட்டும், பதிவுக்கு மட்டும் மிக்சரிலிருந்து தனி ஒயர் ஒன்று கேளுங்கள். பாடுவோர் குரல் அதில் தெளிவாகவே வரும்.