பல குளங்கள், ஒரு போட்டி

சென்ற வாரம் மோதி பாக், சத்ய நிகேதன் தேநீர்க் கடையில் ஆய்வாளர் நண்பர்கள் நால்வர் பேசிக்கொண்டிருந்தோம். பெருந்தொற்றுக் காலத்தில் ஆஸ்திரேலியா தன் தேசிய நீச்சல் போட்டியைப் பல நகரங்களின் குளங்களில் பகிர்ந்து நடத்தியதைப் பேச்சுவாக்கில் குறிப்பிட்டேன். வரலாற்றுத் துறை நண்பர் உடனே மறுத்தார்: “ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நீந்துவது பயிற்சி. அதைப் போட்டி என்று எப்படிச் சொல்வீர்கள்?” அப்போது நான் சொன்ன விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. அதனால்தான் இப்பதிவு. சற்று நீளமானது, பொறுத்தருள்க.

முதலில் நிகழ்ந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2020இல் ஆஸ்திரேலிய மாநிலங்கள் தம் எல்லைகளை ஒன்றுக்கொன்று மூடியிருந்தன. நாட்டின் நீச்சல் வீரர்களை ஓரிடத்தில் திரட்ட வழியில்லை. ஆகவே அவ்வாண்டு நவம்பர் இறுதியில் அவரவர் இருந்த பகுதியிலேயே 25 மீட்டர் குளங்களில் நீந்தினர்; அவர்கள் எடுத்துக்கொண்ட நேரங்கள் ஒரே பட்டியலில் தொகுக்கப்பட்டு இடங்கள் தீர்மானிக்கப்பட்டன. பிரிஸ்பேனில் நீந்திய 19 வயது கேலி மெக்கியோன், 200 மீட்டர் மல்லாந்து நீச்சலை 1 நிமிடம் 58.94 விநாடியில் முடித்தார். ஹங்கேரியின் கட்டிங்கா ஹோசு 2014இல் தோஹாவில் நிறுவிய 1 நிமிடம் 59.23 விநாடி என்னும் உலக சாதனை அன்று முறியடிக்கப்பட்டது. அதே நவம்பரில் அமெரிக்காவும் தன் ‘யு.எஸ். ஓப்பன்’ போட்டியை ஒன்பது நகரங்களில் பிரித்து நடத்தியது.

இனி நண்பரின் மறுப்புக்கு வருகிறேன். ஒரே குளத்தில் நீந்தினால்தான் ஒப்பீடு நேர்மையானது என்பது அவர் எண்ணம். ஆனால் ஒரே குளம் என்பது உண்மையில் ஒரே குளம்தானா?

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தனிநபர் கலப்பு நீச்சலில் சுவீடனின் குன்னார் லார்சனும் அமெரிக்காவின் டிம் மெக்கீயும் 4 நிமிடம் 31.98 விநாடியில் சுவரைத் தொட்டனர். ஆயிரத்தில் ஒரு பங்குவரை கணக்கிட்டு, 0.002 விநாடி வேறுபாட்டில் லார்சனுக்குத் தங்கம் தரப்பட்டது. அந்த வேகத்தில் 0.002 விநாடி என்பது ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் தூரம். குளம் கட்டும் கொத்தனாரின் கை அவ்வளவு துல்லியமானதன்று. ஒரே குளத்தின் இரு தடங்களுக்கிடையே அதைவிடக் கூடுதலான நீள வேறுபாடு இருக்கக்கூடும். இதை உணர்ந்த பின்னரே விதி மாற்றப்பட்டு, நூற்றில் ஒரு பங்கோடு கணக்கு நிறுத்தப்பட்டது. 2016 ரியோவில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் சிங்கப்பூரின் ஜோசப் ஸ்கூலிங் தங்கம் வென்றபோது, அவருக்குப் பின்னால் 51.14 விநாடியில் வந்த ஃபெல்ப்ஸ், லே கிளோஸ், செக் ஆகிய மூவரும் வெள்ளியைப் பகிர்ந்துகொண்டது இவ்விதியின் பயனே.

ஆக, எட்டுத் தடங்கள் கொண்ட ஒரு குளம் என்பது எட்டுச் சிறு குளங்களின் தொகுப்பு. அவற்றை ஒன்றாக்குவது தண்ணீரோ கூரையோ அன்று. நாம் ஒப்புக்கொண்ட அளவை. அந்த அளவையை ஐந்து நகரங்களுக்கு நீட்டினால் போட்டியின் தன்மை மாறிவிடாது. ஒலிம்பிக் தகுதி இவ்வாறுதானே எப்போதும் தீர்மானிக்கப்படுகிறது? உலகின் பல்வேறு குளங்களில், பல்வேறு மாதங்களில் பதிவான நேரங்கள் ஒரே வரம்புடன் ஒப்பிடப்படுகின்றன. 2021 ஜூனில் ரோம் நகரில் சஜன் பிரகாஷ் 200 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலை 1 நிமிடம் 56.38 விநாடியில் முடித்து, ஒலிம்பிக்கின் ‘ஏ’ தகுதி வரம்பை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரரானார். மறுநாள் அங்கேயே ஸ்ரீஹரி நடராஜ் 100 மீட்டர் மல்லாந்து நீச்சலில் 53.77 விநாடி எடுத்தார். அது பதக்கத்துக்கான போட்டிகூட இல்லை. கடிகாரத்தை மட்டும் எதிர்த்து நீந்திய நேரச் சோதனை. பன்னாட்டு நீச்சல் கூட்டமைப்பு அதை ஏற்றது. அவர் டோக்கியோ சென்றார்.

இழப்பே இல்லை என்று சொல்லவில்லை. பக்கத்துத் தடத்தில் எழும் அலை, கடைசி 50 மீட்டரில் எதிராளியின் தலை தெரியும்போது உடலில் பிறக்கும் வெறி, இவை பட்டியலில் பதிவாவதில்லை. நண்பர் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. ஆயினும் குறைபட்ட போட்டிக்கும் நடக்காத போட்டிக்கும் இடையே தேர்வு செய்ய வேண்டிய ஆண்டு அது.

நாம் எதைத் தேர்ந்தோம்? இந்தியாவின் 73ஆவது தேசிய மூத்தோர் நீர்விளையாட்டுப் போட்டி 2019இல் போபாலில் நடந்தது. 74ஆவது போட்டி 2021 அக்டோபரில் பெங்களூரு பசவனகுடியில் நடந்தது. எண்ணில் இடைவெளி தெரியவில்லை, ஆண்டில் தெரிகிறது.

இங்கே ஒரு மொழியியல் மாணவருக்குரிய கவனிப்பைச் சொல்ல விரும்புகிறேன். 2020 மே 17இல் உள்துறை அமைச்சகம் வெளியிட்ட பொதுமுடக்க ஆணையில் மூடியிருக்க வேண்டிய இடங்கள் ஒரே தொடரில் அடுக்கப்பட்டிருந்தன: திரையரங்கு, வணிக வளாகம், உடற்பயிற்சிக்கூடம், நீச்சல் குளம், கேளிக்கைப் பூங்கா, மதுக்கூடம், இவை போன்ற பிற இடங்கள். அதற்கு அடுத்த வாக்கியமே, பார்வையாளரின்றி விளையாட்டு வளாகங்களும் அரங்குகளும் திறக்கலாம் என்றது. பெயர்களை அடுக்கி எண்ணும்போது நாம் அவற்றை ஓரினமாக்கிவிடுகிறோம். ‘இவை போன்ற’ என்னும் சொல் அந்த இனத்தை முத்திரையிட்டு மூடுகிறது. ஓடுதளம் விளையாட்டின் பக்கம் நின்றது. நீச்சல் குளம் கேளிக்கையின் பக்கம் விழுந்தது. செப்டம்பர் 30 ஆணையில்தான் ‘விளையாட்டு வீரர்களின் பயிற்சிக்குப் பயன்படும்’ என்னும் அடை அப்பெயருக்கு முன் வந்து சேர்ந்தது. அக்டோபர் 15 முதல் அத்தகைய குளங்கள் திறக்க அனுமதி கிடைத்தது. பெயருக்கு ஓர் அடை சேர நான்கரை மாதம் ஆயிற்று.

அந்த இடைவெளியில் 2010 ஆசிய விளையாட்டில் பதக்கம் வென்ற வீர்தவல் காடே, ஓய்வு பெறுவதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்று வெளிப்படையாக எழுதினார். ஆகஸ்டில் ஸ்ரீஹரியும் தில்லியின் குஷாக்ர ராவத்தும் பயிற்சிக்காகத் துபாய் அனுப்பப்பட்டனர். தாய்லாந்தில் இருந்த சஜனும் அங்கே சேர்ந்தார். மிகச் சிலருக்கு வேறு நாட்டின் தண்ணீர் கிடைத்தது. மற்றவர்களுக்கு?

மற்றவர்களில் ஒருத்தியை நான் அறிவேன். மோதி பாக் அரசுக் குடியிருப்பில் வசித்த பதினோராம் வகுப்பு மாணவி. அப்போது முதுகலை படித்துக்கொண்டிருந்த நான் அவளுக்கு அலைபேசி வழியே தமிழ் இலக்கணம் சொல்லிக்கொடுத்து வந்தேன். சன்னல் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டி, மரப்பலகையில் குப்புறப் படுத்து, நாள்தோறும் கை வீசிப் பழகினாள். குளம் திறந்த பின் முதல் நாள் நீந்திவிட்டு வந்து சொன்னாள்: “தண்ணி கையில நிக்கவே மாட்டேங்குது, அக்கா.” வேகம் குறைந்ததைப் பற்றி அவள் கவலைப்படவில்லை, அந்தத் தொடுவுணர்வு போய்விட்டதே என்றுதான் வருந்தினாள். அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு, இரண்டாம் அலை, தேர்வுக் குழப்பம். அவள் நீச்சலுக்குத் திரும்பவில்லை. பல்கலைக்கழக மானியக் குழு அக்காலத்தில் முனைவர் பட்ட ஆய்வேடு சமர்ப்பிக்க ஆறு மாத நீட்டிப்பு வழங்கியதை ஆய்வாளர்களான நாம் நன்றியுடன் நினைவில் வைத்திருக்கிறோம். பதினாறு வயதின் ஓராண்டுக்கு நீட்டிப்பு தர எந்தக் குழுவாலும் முடியாது.

உயிர் போகும் காலத்தில் விளையாட்டு ஒரு கேடா என்று கேட்கலாம். 2021 ஏப்ரலில் தில்லியில் இருந்தவள் நான். அக்கேள்வியின் கனத்தை அறிவேன். அந்த வாரங்களில் எக்குளமும் திறந்திருக்கக் கூடாது. நான் பேசுவது 2020இன் பிற்பகுதியைப் பற்றி. அவ்வாண்டு செப்டம்பர் 13இல் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாடெங்கும் பல்லாயிரம் அறைகளில் அமர்ந்து நீட் தேர்வு எழுதினர். வெவ்வேறு ஊர், வெவ்வேறு மின்விசிறி, வெவ்வேறு வெக்கை; ஆயினும் தரவரிசை ஒன்றுதான். அது ஒரே தேர்வன்று என்று யாரும் சொல்லவில்லை. அதே மாதம் ஐபிஎல் கடல் கடந்து அமீரகத்தில் தொடங்கியது. பல இடங்களில் ஒரே தேர்வு நடத்தும் திறனும் நமக்கு இருந்தது. ஆட்டத்தை இடம் மாற்றும் பணமும் இருந்தது. தல்கடோரா, வேளச்சேரி, பாலேவாடி, கச்சிபௌலி, பசவனகுடி, பிரப்பன்கோடு என்று தேசிய அளவிலான போட்டிகளைக் கண்ட குளங்களும் இருந்தன. அக்குளங்கள் பயிற்சிக்குத் திறக்கப்பட்ட பின், குளிர் தொடாத தென்னகத்திலேனும் அந்தந்த மாநிலத்தார் நீந்தி, நேரங்களை ஒன்றுசேர்த்திருக்கலாம். அவ்வாறு ஒன்றுசேர்க்கும் எண்ணம்தான் இல்லை.

அடுத்த இடர் தொற்றாகத்தான் வரவேண்டும் என்பதில்லை. தில்லியில் நவம்பர்ப் புகையும் சென்னையில் டிசம்பர் வெள்ளமும் நாம் அறிந்தவையே. எனவே என் வேண்டுகோள் எளியது. ஒரே இடத்தில் கூட இயலாத ஆண்டில் எந்தெந்தக் குளங்கள், என்ன கருவிகள், எவர் மேற்பார்வை, நேரங்களை எப்படித் தொகுப்பது என்பதை இந்திய நீச்சல் கூட்டமைப்பு இப்போதே விதியாக எழுதிவைக்க வேண்டும். ஆணை எழுதுவோர், பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கும் முன் அதன் பக்கத்தில் எவை நிற்கின்றன என்று ஒருமுறை பார்க்க வேண்டும்.

வரலாற்று நண்பருக்கு: ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நீந்துவதும் போட்டிதான். அன்று பிரிஸ்பேனில் நீந்திய பெண், தோஹாவில் ஆறாண்டுகளுக்கு முன் நீந்திய ஒருவரை வென்றாள். மறுப்பு இருந்தால் எழுதுங்கள். அதே தேநீர்க் கடையில் தொடர்வோம்.