ரெண்டு பிட் கெட்டதுக்கு 41 பேருக்கு தண்டனையா?

டெக்னிக்கல் பதிவுன்னதும் ஓடிடாதீங்க மக்களே. முடிஞ்ச வரைக்கும் கடிக்காம சொல்றேன். ரொம்ப நாளா ஒரு வயித்தெரிச்சல், எங்கயாவது இறக்கி வைக்கணும்.

போன வருஷம் ஒரு மாதக் கடைசி. ராத்திரி ஒன்றரை மணிக்கு கூட வேலை பார்க்கும் நண்பன் போன் பண்ணினான். "மச்சி, ஒரு ஹோஸ்ட் படுத்துடுச்சுடா. மேல இருந்த நாப்பத்தோரு விஎம்மும் காலி."

ஹோஸ்ட் என்பது ஒரு பெரிய சர்வர். அதில் ஹைப்பர்வைசர் உட்கார்ந்துகொண்டு, ஒரே இயந்திரத்தை பல விர்ச்சுவல் மெஷின்களாகப் பங்கு போட்டுக் கொடுக்கும். பேச்சிலர் மேன்ஷன் மாதிரின்னு வச்சுக்கங்க. கட்டடம் ஒண்ணு, ரூம் நாப்பத்தொண்ணு, ஒவ்வொரு ரூம்லயும் வேற வேற ஆளு.

விடிய விடிய தோண்டிப் பார்த்தால், காரணம் ஒரே ஒரு ராம் ஸ்டிக். சர்வர்களில் இசிசி மெமரி இருக்கும். 64 பிட் டேட்டாவுக்கு 8 பிட் கூடுதலாக வைத்துக் கணக்கு பார்க்கும். ஒரு பிட் புரண்டால் தானே திருத்திக்கொள்ளும். ரெண்டு பிட் புரண்டால் 'கெட்டுப்போச்சு' என்று சொல்லும், திருத்தத் தெரியாது. அன்னைக்கு நடந்தது இந்த இரண்டாவது ரகம்.

இது அபூர்வமான விஷயம் இல்லை. பியான்கா ஷ்ரோடரும் கூகுள்காரர்கள் இருவரும் சேர்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், கூகுள் சர்வர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று, ஒரு வருஷத்தில் ஒரு தடவையாவது திருத்தக்கூடிய மெமரி பிழையைப் பார்த்திருக்கிறது. திருத்த முடியாத பிழை வந்தவை 1.3 சதவீதம். சின்ன நம்பரா தெரியும். ஆயிரம் சர்வர் வச்சிருந்தா வருஷத்துக்கு 13.

சரி, கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சாச்சு. ஹைப்பர்வைசர் என்ன செய்யணும்? என் கோபமே இங்கேதான்.

எங்க ஹோஸ்டில் இருப்பது லினக்ஸும் கேவிஎம்மும். 2009 டிசம்பரில் வந்த 2.6.32 கர்னலிலிருந்தே லினக்ஸுக்கு இதற்கு வழி தெரியும். கெட்ட இடம் இருக்கும் 4 கேபி பக்கத்தை மட்டும் ஒதுக்கி வைக்கும். அது எந்த விஎம்முக்குக் கொடுத்த பக்கமோ, அந்த விஎம்மை ஓட்டும் கியூஎமு ப்ராசஸுக்கு ஒரு சிக்னல் போகும். கியூஎமு அந்த முகவரியை விஎம்முக்குப் புரியும் முகவரியாக மாற்றி, உள்ளே ஒரு மெஷின் செக்கைச் செலுத்தும். உள்ளே இருக்கும் கர்னல் தன் பங்குக்கு யோசிக்கும். டிஸ்கில் அப்படியே இருக்கும் ஃபைலின் நகலா? தூக்கிப் போட்டுட்டு மறுபடி படிச்சுக்கலாம். ஏதோ ஒரு ப்ரோகிராமின் டேட்டாவா? அந்த ப்ரோகிராமை மட்டும் கொல்லலாம். கர்னலின் சொந்த டேட்டாவா? அந்த ஒரு விஎம் மட்டும் விழும். மீதி 40 ரூம்காரங்களுக்கு ஒண்ணுமே தெரியாது.

எங்க ஹோஸ்டில் ஏன் இதெல்லாம் நடக்கலை? 'மெமரி ஃபெயில்யர் ரிகவரி' என்று கர்னலில் ஒரு அமைப்பு உண்டு. 1 என்றால் மீட்கப் பார்க்கும். 0 என்றால் உடனே பேனிக், மொத்த இயந்திரமும் அவுட். எப்பவோ யாரோ ஒரு புண்ணியவான் 0 போட்டு வச்சிருக்கார். ஒரு ரூம்ல ஓதம் அடிக்குதுன்னு மேன்ஷனையே இடிக்கிற மாதிரி.

கேட்டால் "அதுதாம்பா சேஃப், தப்பான டேட்டா பரவாது" என்கிறார்கள். அதில் ஒரு நியாயம் இருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஹைப்பர்வைசரின் சொந்த மெமரியே கெட்டாலோ, 'என் நிலையையே நம்பாதே' என்று ப்ராசஸர் சொன்னாலோ, பேனிக்தான் சரி. ஆனா ஒரு விஎம்மின் பக்கம் கெட்டால்? அந்தப் பக்கத்தை யாரும் தொட முடியாதபடி கழட்டியாச்சே, அப்புறம் எங்கிருந்து பரவும்?

இதுக்கு நேர் எதிரான கோஷ்டியும் உண்டு. "கெட்ட பக்கத்துக்குப் பதிலா புதுசா ஒரு வெத்துப் பக்கத்தை மாட்டிட்டு கம்முனு இருந்தா என்ன? கஸ்டமருக்கு எதுக்குத் தெரியணும்?" இது அதைவிட மோசம். அன்னைக்கு ராத்திரி அந்த 41-இல் ஒன்றில் ஓடிக்கொண்டிருந்தது ஒரு பஸ் கம்பெனியின் சம்பளப் பட்டியல். வெத்துப் பக்கம்னா எல்லாம் பூஜ்யம். எந்த டிரைவரோட சம்பளம் பூஜ்யமாகியிருக்கும்னு யாருக்குத் தெரியும்?

அந்தக் கம்பெனி அக்கவுண்டன்ட் மறுநாள் காலையில் எனக்கே போன் பண்ணினார். மெமரி எர்ரர்னு விளக்க ஆரம்பிச்சேன். "தம்பி, டிரைவருங்கல்லாம் ஆபீஸ் வாசல்ல நிக்கிறாங்க. மெமரியாவது மண்ணாவது, சம்பளம் எப்ப ஏறும்னு மட்டும் சொல்லுங்க." என்கிட்ட பதில் இல்லை. ஒரு நாள் தாமதம். வீட்டு வாடகை கட்ட வேண்டியவருக்கு அது சும்மா ஒரு நாள் இல்லை.

இப்ப என் பாவமன்னிப்பு. அதே ராம் ஸ்டிக்கில் மூணு வாரமா திருத்தக்கூடிய பிழைகள் லாகில் ஏறிக்கிட்டே இருந்தது. நானே பார்த்தேன். 'இசிசிதான் திருத்திடுதே'ன்னு விட்டுட்டேன். திருத்தக்கூடிய பிழை வந்த ஸ்டிக்கில் திருத்த முடியாதது வரும் வாய்ப்பு பல மடங்கு கூடும்னு அதே 2009 ஆய்வே சொல்லுது. நான் அதைப் படிச்சது சம்பவத்துக்கு அப்புறம்தான். அன்னைக்கே விஎம்களை வேற ஹோஸ்டுக்கு நகர்த்திட்டு ஸ்டிக்கை மாத்தியிருந்தா இந்தப் பதிவே வந்திருக்காது.

இப்போது அமைப்பை 1 ஆக்கியாச்சு. மேனேஜரை சம்மதிக்க வைக்க, ஒரு டெஸ்ட் ஹோஸ்டில் வேண்டுமென்றே பிழையைச் செலுத்திக் காட்டினோம். ஒரு விஎம்மில் ஒரே ஒரு ப்ராசஸ் செத்தது. பக்கத்து விஎம்கள் பாட்டுக்கு ஓடின. மனுஷன் அப்பத்தான் தலையாட்டினார். ஒண்ணு மட்டும் கவனிங்க. வேகத்துக்காக விஎம்முக்கு 1 ஜிபி ஹியூஜ் பேஜாகக் கொடுத்திருந்தால், ஒரு துளி இடம் கெட்டாலும் அந்த 1 ஜிபி முழுக்கக் கைவிட்டுப் போகலாம். வேகமும் சும்மா வர்றதில்லை.

என் கட்சி இதுதான். பிழையை மறைக்காதே, அதுக்காக ஊரையும் கொளுத்தாதே. டேட்டா யாருடையதோ அவர்கிட்ட, எந்த இடம்னு சரியாச் சொல்லு. எதை விடலாம், எதைக் காப்பாத்தணும்னு அவருக்குத்தான் தெரியும். நீங்க வாடகைக்கு விஎம் எடுத்திருந்தா, இந்த மாதிரி வந்தா எங்களுக்குச் சொல்லுவீங்களான்னு ஒரு வார்த்தை கேட்டு வைங்க. அவங்க பதிலே பாதி விஷயத்தைச் சொல்லிடும்.

டிஸ்கி: எந்தக் கம்பெனின்னு பின்னூட்டத்துல கேக்காதீங்க. எனக்கும் மாசக் கடைசியில சம்பளம் ஏறணும்.