ஒரு வீட்டில் இரண்டு உலை

சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். வயது நாற்பத்திரண்டாம். உடம்பு பருத்துவிட்டது, குறைத்தே தீரவேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். "வீட்டில் வளருகிற குழந்தைகள் இருக்கிறார்கள், வயோதிகர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் ருசியாகச் சமைத்துப் போட்டுவிட்டு நான் மட்டும் எப்படிப் பத்தியம் இருப்பது? எனக்கென்று தனியாகச் சமைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்கிறார்.

தனியாகச் சமைத்துக்கொள்ள வேண்டாம், அம்மணி. இந்த ஒரு வரியோடு பதிலை முடித்திருப்பேன். ஆனால் நானே அந்தக் காரியத்தைச் செய்து பார்த்தவள். அதனால் வீட்டில் என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லாமல் வெறுமனே "வேண்டாம்" என்றால், உபாத்தியாயினியின் அதிகாரம் என்றுதான் நினைப்பீர்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் டாக்டரிடம் போனபோது என் நிறை 71 கிலோ. உயரம் 155 சென்டிமீட்டர். இடுப்பின் சுற்றளவு 92. நம் நாட்டுப் பெண்களுக்கு இடுப்பு 80 சென்டிமீட்டரைத் தாண்டினாலே நீரிழிவுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வழி திறந்துவிட்டதென்று கொள்ளவேண்டும் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் கைப்பேசியில் தேடினேன். அதில் உபதேசம் செய்யாதவர்கள் யார்? ஒருவர் அரிசியை விஷம் என்றார். இன்னொருவர் ராத்திரிச் சாப்பாட்டையே விட்டுவிடச் சொன்னார். எல்லாவற்றையும் கலந்து எனக்கென்று ஒரு பத்தியம் வகுத்துக்கொண்டேன்.

மறுநாள் முதல் எங்கள் அடுக்களையில் இரண்டு சமையல் நடந்தது. ஒரு பக்கம் என் கணவருக்கும் மாமியாருக்கும் பிள்ளைக்கும் பெண்ணுக்கும் வழக்கமான சாதம், சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். மறுபக்கம் எனக்கு உப்பில்லாமல் வேகவைத்த காய்கறியும் ஓட்ஸ் கஞ்சியும். காலையில் எட்டரை மணிக்குப் பள்ளிக்கூடம் கிளம்பவேண்டியவள் நாலரை மணிக்கே எழுந்திருக்கலானேன். என் மாமியார் முதல் நாள் என் தட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் அம்மா, காய்ச்சலா?" என்று கேட்டார்.

மூன்று மாதம் கழித்துத் தராசில் ஏறினேன். 70 கிலோ காட்டிற்று. கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு இது பெரிய அவமானமாக இருந்தது. கழித்தல் இத்தனை செய்தும் விடை மாறவில்லை என்றால் எங்கேயோ கூட்டல் நடந்திருக்கவேண்டும் அல்லவா?

நடந்துகொண்டுதான் இருந்தது. நம் வீட்டு ஸ்திரீகள் ஒரு வேளைச் சாப்பாட்டைத் தட்டில் சாப்பிடுகிறோம். இன்னொரு வேளைச் சாப்பாட்டைப் பாத்திரத்தில் சாப்பிடுகிறோம். குழந்தை வைத்துவிட்ட அரை இட்டிலி, வாணலியின் அடியில் ஒட்டிய வறுவல், ராத்திரி பானையில் மிஞ்சிய சாதம் இவற்றையெல்லாம் எறிய மனம் வருமா? அன்னத்தை எறியக்கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். கஞ்சி குடித்துக் காய்ந்த வயிறு வேறு. ஒரு நாள் அந்த மிச்சச் சாதத்தை வாயில் போடாமல் தராசில் போட்டுப் பார்த்தேன். 150 கிராம் இருந்தது. வெந்த சாதம் நூறு கிராமுக்குச் சுமார் 130 கலோரி. ஆக, "ராத்திரி நான் ஒன்றுமே சாப்பிடுவதில்லை" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே தினம் ஏறக்குறைய 200 கலோரி சாப்பிட்டு வந்திருக்கிறேன்.

இதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு மறந்திருப்பேன்.

எங்கள் பெண்ணுக்கு அப்போது பதின்மூன்று வயது. ஒரு சனிக்கிழமை அவளுடைய புத்தகப் பையை உதறியபோது, காகிதத்தில் சுற்றிய நான்கு இட்டிலிகள் கல்லாய்க் காய்ந்து விழுந்தன. மத்தியானச் சாப்பாட்டைப் பல நாளாகத் தோழிகளுக்குக் கொடுத்து வந்திருக்கிறாள். கொடுக்க முடியாத நாளில் பையிலேயே ஒளித்திருக்கிறாள். கூப்பிட்டுக் கேட்டேன். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. "அரிசி சாப்பிட்டால் உடம்பு பெருத்துவிடும் என்று நீதானே அம்மா சொன்னாய்? நீ மட்டும் சாப்பிடாமல் இருக்கலாமா?" என்றாள்.

நான் அவளிடம் அப்படி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. அவள் எதிரில் உட்கார்ந்து கஞ்சி குடித்தேன்; கண்ணாடியில் பார்த்து அலுத்துக்கொண்டேன்; அவ்வளவுதான். ரத்தப் பரிசோதனை செய்ததில், 12-க்குக் குறையாமல் இருக்கவேண்டிய ஹீமோகுளோபின் 9.8 இருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று அவள் இரண்டு தடவை சொன்னதும், "வெயில்" என்று நான் பதில் சொன்னதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்குச் சுமார் 40 பேர் அளவுக்கு மிஞ்சிய எடை உள்ளவர்கள். தேசம் முழுவதும் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேர் ரத்தசோகை உள்ளவர்கள். இவை இரண்டும் வெவ்வேறு ஊர்ச் சங்கதிகள் என்று நினைத்திருந்தேன். என் வீட்டில் ஒரே கூடத்தில், எதிரெதிரே இரண்டு தட்டு போட்டுக்கொண்டு அவை உட்கார்ந்திருந்தன.

ஆகவே கணக்கை மறுபடி முதலிலிருந்து போட்டேன். இந்தத் தடவை எனக்கு மட்டும் போடவில்லை, வீட்டுக்கே போட்டேன். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்துக் கழகம், நாளைக்கு 2,000 கலோரி வேண்டியவருக்கு இன்னின்னது இவ்வளவு என்று ஒரு தட்டு வகுத்திருக்கிறது. தானியம் 250 கிராம்; பருப்பு அல்லது முட்டை, மீன் வகை 85 கிராம்; காய்கறியும் கீரையும் 400 கிராம்; பழம் 100 கிராம்; பால் 300 மில்லி; கொட்டை, விதை வகைகள் 35 கிராம்; எண்ணெயும் நெய்யும் 27 கிராம். எங்கள் வீட்டில் ஐந்து பேர். அப்படியானால் தினம் இரண்டு கிலோ காய்கறி வரவேண்டும். வந்ததோ முக்கால் கிலோ. அதிலும் பாதி உருளைக்கிழங்கு. பருப்பு 425 கிராம் வேண்டிய இடத்தில் 150 கிராம் வெந்தது. எண்ணெயில் மட்டும் நாங்கள் தாராளம். மாதம் ஆறு லிட்டர், அதாவது சுமார் 5,460 கிராம். ஆளுக்கு நாளொன்றுக்கு 36 கிராம், நெய் நீங்கலாக. அரிசியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இந்தக் கழகம் இன்று ஹைதராபாத்தில் இருந்தாலும் பிறந்தது நம் குன்னூரில்தான். 1918-இல் அங்கே ஒரு சிறு அறையில் பெரி பெரி வியாதியைப் பற்றிய ஆராய்ச்சியாகத் தொடங்கியவர் ராபர்ட் மக்காரிசன். பிறகு அவர் தேசத்தின் பல பாகத்தாருடைய சாப்பாட்டையும் எலிகளுக்குப் போட்டுப் பார்த்தார். பஞ்சாபிச் சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. சென்னை ராஜதானிக்காரர் உணவைத் தின்றவை கடைசி வரிசையில் நின்றன. தீட்டிய அரிசி மிகுதி, பருப்பும் பாலும் காய்கறியும் சொற்பம் என்பதுதான் அந்த உணவின் லட்சணம். நூறு வருஷமாகியும் என் வீட்டுக் கணக்கு அந்த எலிக்கூண்டுக் கணக்காகவே இருந்ததைக் கண்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

நோய்க்கு மருந்து இரண்டு இல்லை, ஒன்றுதான் என்பது அப்போது விளங்கிற்று. எனக்கு எது குறையவேண்டுமோ அது எல்லோருக்குமே மிகுதியாக இருந்தது. என் பெண்ணுக்கு எது வேண்டுமோ அது எல்லோருக்குமே போதாமல் இருந்தது. பிறகு எதற்கு இரண்டு உலை? சமையல் ஒன்றாக இருக்கட்டும். பரிமாறுகிற அளவு மட்டும் ஆளுக்குத் தக்கபடி மாறட்டும் என்று தீர்மானித்தேன்.

சாம்பாருக்குப் பருப்பை 150 கிராமிலிருந்து 250 கிராமாக்கினேன். தானில் நான்கைந்து மிதக்காமல், கரண்டி விட்ட இடமெல்லாம் அகப்படும்படி காயைப் போட்டேன். அதோடு தினமும் ஒரு கூட்டு. புடலங்காயோ சுரைக்காயோ அரைக் கிலோவுக்கு ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு. கால் மூடித் தேங்காயைச் சீரகம், பச்சைமிளகாயோடு அரைத்து விட்டால் போதும். முழு மூடி துருவினால்தான் கூட்டு என்பது விருந்துச் சமையல்காரர்கள் கற்பித்த சாஸ்திரம். தேங்காயும் கொழுப்புக் கணக்கில் சேர்ந்ததே. வறுவல் செய்த நாட்களில் பொரியல் செய்யலானேன். இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு தாளித்து, நறுக்கிய காயைப் போட்டு, ஒரு கை தண்ணீர் தெளித்து மூடிவிட்டால், கொத்தவரங்காய்கூடத் தன் ஆவியிலேயே வெந்துவிடும். எண்ணெய்ப் பாத்திரத்தை அப்படியே வாணலியில் சாய்க்கும் வழக்கத்தை விட்டு, பக்கத்தில் ஒரு தேக்கரண்டியைப் போட்டு வைத்தேன். இந்தத் தேக்கரண்டி ஒன்றினால் மாதத்துக்கு ஆறு லிட்டர் நான்காயிற்று. மாலையில் கடலையோ பயறோ சுண்டல். பிஸ்கோத்து டப்பா காலியானதும் அதை நிரப்பவில்லை.

கீரைக்குத் தனி மரியாதை கொடுத்தோம். வாரம் மூன்று நாள் முளைக்கீரை மசியல் அல்லது முருங்கைக்கீரை. கூடவே எலுமிச்சம்பழமோ நெல்லிக்காயோ கட்டாயம் உண்டு. புளிப்பான இவற்றிலுள்ள வைட்டமின் 'சி' இரும்புச் சத்தை உடம்பில் சேர்க்கிறது. சாப்பிட்டவுடன் குடிக்கிற காப்பி அதைத் தடுக்கிறது. என் பெண்ணுக்கு டாக்டர் கொடுத்த மாத்திரைகளும் நடந்தன. கீரையே போதும் என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

பரிமாறுவதில்தான் சாமர்த்தியம். முன்பெல்லாம் சாதத்தை மலையாகப் போட்டுக் காயை ஓரத்தில் தொட்டுவைப்போம். இப்போது தட்டில் பாதிக்குக் காய், கூட்டு, கீரை, பிறகுதான் சாதம். எனக்கும் என் கணவருக்கும் ஒரு கிண்ணம். பதினாறு வயதுப் பிள்ளைக்கு வேண்டிய மட்டும். வளருகிற குழந்தைகளுக்கு நெய் உண்டு, பால் உண்டு, நிலக்கடலை உண்டு. அவர்களுடைய சாதத்தை யாரும் அளப்பதில்லை. மாமியாருக்குக் குழைந்த சாதமும் உப்புக் குறைந்த ரசமும். மிச்சத்தைச் சாப்பாடு முடிந்த கையோடு டப்பாவில் போட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிடுவேன். பாத்திரம் என் வாய்க்கும் குப்பைக்கும் நடுவில் காத்திருப்பது நின்றது.

அரிசியை விட்டுக் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறினால் மெலிந்துவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். பச்சரிசியும் கோதுமை மாவும் சாமையும் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 350 கலோரியை ஒட்டியவையே. சாமையில் நார்ச் சத்து அதிகம், நல்ல தானியம்தான், சாப்பிடுங்கள். ஆனால் சாமைப் பொங்கலில் நெய்யைக் குளமாகக் கட்டிவிட்டுச் சாமையின்மேல் பழி போடக்கூடாது. என் கணவர் ராத்திரி நான்கு சப்பாத்தி சாப்பிட்டு, "அரிசியைத் தொடவில்லை" என்று ஒரு வருஷம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்.

இவ்வளவும் வழக்கின்றி நடந்ததென்று நினைக்கவேண்டாம். அப்பளம் வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைந்ததற்கு என் கணவர் ஒரு வாரம் பேசாமல் சாப்பிட்டார். பிறகு தணலில் சுட்ட அப்பளத்தில் சமாதானம் ஏற்பட்டது. மாமியார்தான் கடைசி வரையில் விட்டுக்கொடுக்கவில்லை. "இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கொள் அம்மா" என்பது அவருக்கு அன்பு காட்டும் பாஷை. அதை மறுத்தால் அவரையே மறுத்ததாக ஆகிவிடும். கடைசியில், "ஒரு கரண்டி கூட்டாகப் போடுங்கள் அத்தை" என்று நானே கேட்டு வாங்கலானேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பட்சணம் குறைக்கவில்லை. வருஷத்தில் பத்து நாள் சாப்பிட்டு யாரும் பெருத்ததில்லை. மற்ற முந்நூற்றைம்பத்தைந்து நாள்தான் கணக்கு.

எடையா? எட்டு மாதத்தில் 64 கிலோவுக்கு வந்தேன். தினமும் முக்கால் மணி நேரம் நடந்ததும் அதில் சேர்ந்தது. டாக்டர் சொன்ன இலக்கு இன்னும் தூரத்தில்தான் இருக்கிறது. கடந்த ஆறு மாதமாக அதே எண்ணில் நிற்கிறேன். தராசைப் பீரோவுக்கு மேலே ஏற்றிவிட்டு, மாதம் ஒரு தடவைதான் இறக்குகிறேன், அதுவும் குழந்தைகள் பள்ளிக்கூடம் போன பிறகு. பெண்ணின் ஹீமோகுளோபின் 12.1-ஐத் தொட்டுவிட்டது.

நேற்று ராத்திரி முருங்கைக்கீரை அடை. அரிசியும் பருப்பும் சம அளவு போட்டு அரைத்திருந்தேன். நான் ஒன்றரையோடு எழுந்துவிட்டேன். அவள் மூன்றாவது அடைக்குத் தட்டை நீட்டினாள். வெண்ணெய் வைக்கட்டுமா என்று கேட்டேன். "வை, வை. ஏன் கேட்டுக்கொண்டிருக்கிறாய்?" என்றாள்.