ஏழு இருக்கைகளும் ஒரு கேள்வியும்

பௌர்ணமி நாள்களில் திருவண்ணாமலைக்கு வரும் வாகனங்களைக் கவனித்தால், தமிழ்க் குடும்பத்தின் பொருளாதார வரலாறு கண்ணுக்குத் தெரியும். வேனிலும் பேருந்திலும் வந்த குடும்பங்கள் பல இன்று ஏழு பேர் அமரும் சொந்த வாகனத்தில் வந்து இறங்குகின்றன. அவற்றில் கணிசமானவை புதியவை அல்ல. ஒருவர் ஓட்டிக் கழித்ததை மற்றொருவர் வாங்கியவை.

14 கி.மீ. கிரிவலப் பாதையில் மலைக்கு மேற்கே உள்ள அடி அண்ணாமலையில் வசிக்கும் என் முன்னாள் மாணவர் ஒருவர், அண்மையில் என்னிடம் ஒரு கேள்வியோடு வந்தார். அவர் பள்ளி ஆசிரியர். பெற்றோர், மனைவி, இரு குழந்தைகள், கணவரை இழந்த தமக்கை எனக் குடும்பத்தில் ஏழு பேர். ''ஐயா, ஆறு ஆண்டுகள் ஓடிய 'டாப் எண்ட்' வண்டியும், மூன்று ஆண்டுகள் ஓடிய 'பேஸ் மாடல்' வண்டியும் ஒரே விலைக்கு வருகின்றன. எதை வாங்குவது?''

எளிய கேள்விபோலத் தோன்றும் இதற்குள், தகவல், வரி, உயிர்ப் பாதுகாப்பு என மூன்று பெரும் பிரச்னைகள் அடங்கியுள்ளன.

முதலாவது, தகவல். பழைய கார் சந்தையை வைத்தே பொருளாதாரத்தின் போக்கை மாற்றியவர் ஜார்ஜ் அகர்லாஃப். விற்பவருக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே, வாங்குபவர் எல்லா வண்டிகளையும் சந்தேகித்து சராசரி விலையே தர முன்வருவார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமின்றி விலகிவிட, சந்தையில் மோசமானவையே மிஞ்சும். 1970-இல் வெளிவந்த இந்த ஆய்வுக்காக, 2001-இல் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார் அகர்லாஃப். அரை நூற்றாண்டு கடந்தும் நம் ஊர்ச் சந்தைக்கு அது அப்படியே பொருந்துகிறது.

இரண்டாவது, விலை. உயர்வகை வாகனத்துக்குப் புதிதாக வாங்கும்போது தரப்படும் கூடுதல் தொகை, பழையதாகும்போது அதே அளவில் நிலைப்பதில்லை. எடுத்துக்காட்டாக, அடிப்படை வகை ரூ.15 லட்சம், உயர்வகை ரூ.21 லட்சம் எனக் கொள்வோம். சில ஆண்டுகளில் இரண்டுக்கும் இடையிலான ரூ.6 லட்சம் வேறுபாடு ஓரிரு லட்சமாகச் சுருங்கிவிடக்கூடும். கண்ணாடிக் கூரை, பெரிய தொடுதிரை, தோல் இருக்கை ஆகியவற்றின் விலையை முதல் உரிமையாளரே பெரும்பாலும் சுமந்துவிடுகிறார். இரண்டாவதாக வாங்குபவருக்கு இது லாபம் போலத் தோன்றும். ஆனால், அவை பழுதானால் ஆகும் செலவு பழைய விலையில் வருவதில்லை. புதிய உதிரிபாகத்தின் விலையில் வருகிறது.

வரி மாற்றங்களும் இந்தக் கணக்கைப் புரட்டிப் போட்டுள்ளன. 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், பதிவு பெற்ற வணிகர்கள் விற்கும் பழைய வாகனங்கள் அனைத்துக்கும், அவர்களது லாப அளவின் மீது 18% வரி என நிர்ணயித்தது. தனிநபர் தனிநபருக்கு விற்றால் இந்த வரி இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல், செஸ் உள்பட 50% வரை வரி சுமந்த பெரிய எஸ்யூவி வாகனங்களுக்கு வரி 40% ஆனது. புதியதன் விலை குறைந்தால் பழையதன் விலையும் குறைய வேண்டும் என்பதே சந்தை நியதி. வரிக் குறைப்புக்கு முந்தைய விலையை அடிப்படையாக வைத்துப் பேரம் பேசும் தரகரிடம் இதை நினைவூட்டத் தயங்கக் கூடாது.

மூன்றாவதும் முதன்மையானதும் பாதுகாப்பு. 'பேஸ்', 'டாப்' என்னும் பிரிவு சொகுசைப் பொறுத்தது மட்டுமாக இருந்தால், அது அவரவர் விருப்பம் என்று விட்டுவிடலாம். ஆனால், நம் நாட்டில் உயிர்காக்கும் கருவிகளும் அந்தப் படிநிலையில் ஏற்றப்பட்டே விற்கப்பட்டு வந்துள்ளன. 2016-இல் அறிமுகமான இன்னோவா கிரிஸ்டாவின் தொடக்க வகைகளில் 3 காற்றுப்பைகள், உயர்வகையில் 7. 2021-இல் வந்த எக்ஸ்யூவி 700 வாகனத்தின் தொடக்க வகையில் 2. உயர்வகையில் 6, கூடுதல் தொகுப்புடன் 7.

இதில் ஒரு நுட்பமும் உண்டு. அந்த எக்ஸ்யூவி 700, 2 காற்றுப்பைகள் மட்டுமே கொண்ட அடிப்படை வகையிலேயே குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர் பாதுகாப்புக்கு 5 நட்சத்திரங்கள் பெற்றது. 2019-இல் சோதிக்கப்பட்ட எர்டிகா, அதே 2 காற்றுப்பைகளுடன் 3 நட்சத்திரங்களே பெற்றது. வண்டியின் உடற்கட்டு வலுவே முதல் அரண் என்பதற்கு இது சான்று. வேரியண்டைத் தேர்ந்தெடுக்கும் முன் மாடலைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஓட்டுநருக்கான காற்றுப்பை 2019 ஜூலையில்தான் கட்டாயமானது. முன்பயணிக்கானது அதற்கும் பின்னர். காருக்கு 6 காற்றுப்பைகள் என்ற வரைவு 2022 ஜனவரியில் வெளியாகி, 2023 அக்டோபருக்குத் தள்ளிவைக்கப்பட்டு, பின்னர் கட்டாயமில்லை எனக் கைவிடப்பட்டது. எனவே, பழைய வண்டி வாங்குபவர் அது தயாரிக்கப்பட்ட மாதத்தையும் ஆண்டையும் பார்ப்பது ஜாதகம் பார்ப்பதைவிட முக்கியம்.

மூன்றாம் வரிசையை யாரும் கேள்வி கேட்பதில்லை. குழந்தைகளைப் பின்னே அனுப்புவது நம் வழக்கம். பின்கதவுக்கும் அந்த இருக்கைக்கும் இடையே ஒரு சாண் இடம்கூட இல்லாத வண்டிகள் உள்ளன. அங்கு மூன்றுமுனை சீட் பெல்ட் உள்ளதா, தலைச் சாய்வு உள்ளதா, பக்கவாட்டுக் காற்றுப்பை அதுவரை நீள்கிறதா என்று பார்த்த பிறகே பாட்டுப் பெட்டியைப் பற்றிப் பேச வேண்டும். 2023 அக்டோபரில் செங்கம் அருகே அடுத்தடுத்து நிகழ்ந்த இரு விபத்துகளில் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை இம்மாவட்ட மக்கள் மறந்திருக்க முடியாது.

மாணவரின் கதைக்கு வருவோம். அவர் விரும்பிய ஆறு ஆண்டு வண்டிக்கு ஒரே உரிமையாளர். ''சிறு விபத்துகூட இல்லை'' என்றார் விற்றவர். காப்பீட்டுப் பத்திரத்தைக் கேட்டுப் பெறுமாறு கூறினேன். இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கான சலுகை முதலாண்டு 20% தொடங்கி, தொடர்ந்து 5 ஆண்டுகள் கோராதிருந்தால் 50% வரை உயரும். அந்தப் பத்திரத்தில் சலுகை சுழியம் என இருந்தது. பணிமனைப் பதிவேட்டைத் தேடியபோது உண்மை வெளிவந்தது: 2024 டிசம்பர் ஃபென்ஜால் புயல் வெள்ளத்தில் வண்டி நீரில் நின்றிருக்கிறது. விபத்து இல்லை என்று அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால், அது உண்மையும் இல்லை.

ஆவணங்களிலும் அலட்சியம் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவின்படி உரிமை மாற்றத்தை விற்றவர் 14 நாள்களிலும் வாங்கியவர் 30 நாள்களிலும் தெரிவிக்க வேண்டும். பல கை மாறிய வண்டியாயினும், பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே விபத்துக்குப் பொறுப்பு என்று 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. கடன் தீர்ந்ததற்கான 35-ஆம் எண் படிவம் இல்லாத வண்டி, அடகில் உள்ள நகைக்குச் சமம். பௌர்ணமி தோறும் வாடகைக்கு ஓடிய வெள்ளைப் பலகை வண்டியா என்பதையும் விசாரிக்க வேண்டும். சொந்தப் பயன்பாட்டு அனுமதியும் காப்பீடும் கொண்ட வாகனத்தை வாடகைக்கு விடுவது சட்ட விரோதம். அதன் தேய்மானமும் மீட்டர் காட்டுவதைவிட அதிகமாக இருக்கக்கூடும்.

தனிமனித எச்சரிக்கை மட்டும் போதாது. அரசு மூன்றைச் செய்யலாம். முதலாவதாக, உயிர்காக்கும் கருவிகள் எல்லா வகைகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டாவதாக, காப்பீட்டு இழப்பீட்டு வரலாறு, வண்டி எண்ணைக் கொண்டு எவரும் அறியும்படி 'வாகன்' தளத்தில் இடம்பெற வேண்டும். மூன்றாவதாக, ஒவ்வொரு புகைப் பரிசோதனையின்போதும் ஓடிய கி.மீ. அளவு பதிவு செய்யப்பட வேண்டும். இவற்றுக்குப் பெரும் செலவில்லை. அகர்லாஃப் சொன்ன தகவல் இடைவெளியைக் குறைக்க இதைவிட மலிவான வழியும் இல்லை.

மாணவர் இறுதியில் 'டாப்'பும் வாங்கவில்லை, 'பேஸ்'ஸும் வாங்கவில்லை. டி.என். 25 பதிவெண்ணில், நான்கு ஆண்டுகள் ஓடிய இடைநிலை வகை ஒன்றை, உரிமையாளரிடமிருந்தே நேரடியாக வாங்கினார். கண்ணாடிக் கூரை இல்லையே என்று மகள் வருந்தினாளாம். ஏழு இருக்கைகளுக்கும் ஏழு சீட் பெல்ட்டுகள் உள்ளன என்று அவளிடம் சொன்னதாகத் தெரிவித்தார். கேட்ட கேள்விக்குச் சரியான விடையை அவரே கண்டுபிடித்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது.