பையன், டர்போ, ஓட்டை விழுந்த பிஸ்டன்

போன மாசம் தங்கச்சி வீட்டு மாப்பிள்ளை கோயமுத்தூரிலிருந்து புனே வந்திருந்தார். எங்கள் ஃபிளாட் பால்கனியில் சாலிடரிங் அயர்ன், ஒயர் கட்டு, நடுவில் ஓட்டை விழுந்த ஒரு பிஸ்டன். "ஏனுங் மச்சான், தம்பி இஞ்சினியரிங் படிக்கறானா, ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கானா?" என்றார். தங்கமணி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... அதற்கான பதில்தான் இந்தப் பதிவு.

மூன்றாம் வருஷம் படிக்கும் பையனும் கூட்டாளிகளும் ஒரு பழைய மாருதி எஸ்டீமை வாங்கி, அதன் 1.3 லிட்டர் எஞ்சினில் டர்போ மாட்டினார்கள். காரோடு வந்த ஈசியுவுக்கு டர்போ என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதனால் சொந்தமாக ஒன்று செய்தார்கள். ஆர்டுயினோ மெகா போர்டை வைத்து ஸ்பீடுயினோ என்று ஒரு டிசைன் இருக்கிறது. சர்க்யூட், புரோகிராம் எல்லாமே இலவசம். இதற்கு அண்ணன் மெகாஸ்குவர்ட், 2001-ல் புரூஸ் பவுலிங், ஆல் கிரிப்போ என்ற இரண்டு பேர் ஆரம்பித்தது.

நான் பி.காம். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். உள்ளே எவ்வளவு காற்று போகிறது என்று கணக்குப் போட்டு அதற்கேற்ற பெட்ரோலை ஊற்றி, சரியான நேரத்தில் பொறி வைக்க வேண்டும். ஒரு பக்கம் ஆர்.பி.எம்., இன்னொரு பக்கம் காற்றழுத்தம், 16-க்கு 16 என்று 256 கட்டம். எக்செல் ஷீட்டேதான்! 6000 ஆர்.பி.எம்.மில் ஒரு சுற்றுக்கு 10 மில்லி செகண்ட். அதற்குள் கணக்கு முடிய வேண்டும். சாதாரணமாக 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல்; டர்போ அழுத்தும்போது 12 பக்கம் வர வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் தட்ட ஆரம்பித்துவிடும்.

பிஸ்டன் போனது எப்படி? சாதாரணக் காரின் அழுத்த சென்சாரை மாட்டிவிட்டார்கள். அது ஏறக்குறைய 100 கிலோபாஸ்கலுக்கு மேல் காட்டாது. டர்போ 160-க்கு அழுத்துகிறது, சென்சார் 100 என்கிறது, டப்பாவும் நம்பி 100-க்கான பெட்ரோலை ஊற்றுகிறது. பாதி வவுச்சர் ஏறாமலே டே புக்கை க்ளோஸ் செய்த கதை. பிறகு 250 வரை படிக்கும் சென்சாரும், புகையை அளக்கும் வைட்பேண்ட் சென்சாரும் வாங்கினார்கள். இந்த இரண்டாவது ஆசாமி ஆடிட்டர் மாதிரி. ஷீட்டில் எழுதியது ஒன்று, புகையில் வருவது வேறொன்று என்றால் அந்தக் கட்டத்தைத் திருத்த வேண்டும். மூன்று மாசமாக ஞாயிற்றுக்கிழமை எல்லாம் இதுதான் வேலை.

"ரெடிமேடா வாங்கிடலாமுங்களே" என்றார் மாப்பிள்ளை. வாங்கலாம். ஆஸ்திரேலியாவின் ஹால்டெக், மோடெக் எல்லாம் அருமையான சரக்கு. அரை மணியில் லேப்டாப்பைச் சொருகி "ரீமேப்" செய்து தருபவர்களும் உண்டு. என் பையனுக்கு வேண்டாம் என்கிறேன். இருபது வருஷமாக லோன் ஃபைலில் புராஜெக்ட் ரிப்போர்ட் பார்க்கிறேன். விகிதம் சரியாக வர விற்பனையைக் கொஞ்சம் ஏற்று, செலவைக் கொஞ்சம் இறக்கு! பொய் வெளியே வர மூன்று வருஷமாகும், அதற்குள் எழுதியவர் டிரான்ஸ்ஃபரில் போயிருப்பார். இங்கே தப்பு நம்பர் போட்டால் சில செகண்டில் பிஸ்டன் பதில் சொல்கிறது. கோச்சிங் சென்டருக்கு லட்சக்கணக்கில் கட்டியபோது யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதற்கு 35,000 கொடுத்ததற்குத்தான் விசாரணைக் கமிஷன் :-)

ஒரு கண்டிஷன் மட்டும் போட்டேன். ரோட்டுக்கு அந்தக் கார் வரக்கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவை வைத்து 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொன்னது, கம்பெனி ஸ்பெசிஃபிகேஷனை மாற்றக்கூடாது என்று. அதே வருஷத் திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை ஜெயில் என்று வந்தது. பசங்க முணுமுணுக்கிறார்கள். நான் சட்டத்தின் பக்கம்தான். ரோட்டில் ஊரான் பிள்ளையும் நடக்கிறது. அதனால் டிரெய்லரில் ஏற்றிப்போய், டைனோ உருளை மேல் சக்கரத்தை ஓடவிட்டுத்தான் சோதனை. என்றாவது செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் ஓட்டட்டும், மாப்பிள்ளையும் வந்து பார்க்கட்டும்.

5000 ஆர்.பி.எம்.முக்கு மேல் உள்ள கட்டங்கள் இன்னும் பாக்கி. துணி காயப்போட பால்கனி எப்போது திரும்பக் கிடைக்கும் என்று தங்கமணி கேட்கிறாள்.